இரண்டு கிலோவுக்கு நான்கு கிலோ

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் கொடுக்கல் வாங்கல் கணக்கு ஒரே வரிதான்: 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. கட்டிமேடு 'நெல்' ஜெயராமன் 2006 முதல் அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் நடத்திக் காட்டிய முறை இது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது சேகரிப்பில் 170-க்கும் மேற்பட்ட மரபு ரகங்கள் சேர்ந்திருந்தன. தமிழ்நாடு அரசு 2021-இல் போட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மரபு நெல் பாதுகாப்புக்கான இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

இப்படியான திருவிழாக்களில் விதைப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் இளவட்டங்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பெங்களூரில் கணினி வேலை பார்த்துத் திரும்பியவர்கள், வேலையை விடாமல் சனி ஞாயிறு ஊருக்கு ஓடி வருகிறவர்கள், பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் இரண்டு ஏக்கரைக் கையில் எடுத்தவர்கள். விதை பகிர்வோர், நகரத்து இயற்கை அங்காடிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், வேளாண் துறை எனப் பலரும் இவர்களோடு கைகோத்திருக்கிறார்கள். எல்லோர் வாயிலும் ஒரே வாசகம்: பருவநிலையைத் தாங்கும் பாரம்பரிய நெல். வாசகம் சரிதானா என்பதை மேடையில் கேட்டுப் பயனில்லை, வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில், சரியாக இருக்கும் இடங்கள். களர்பாலை என்ற ரகத்தின் பெயரிலேயே அது எந்த மண்ணுக்கு உரியது என்ற குறிப்பு இருக்கிறது. கடலோர உவர் நிலத்தில் குழியடிச்சான் தாக்குப்பிடிக்கும். ஆறேழு அடி வளரும் காட்டுயானம், தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் தலையை மேலே வைத்துக்கொள்ளும். வைக்கோல் நீளம் என்பதால் மாடு வைத்திருப்பவருக்கு அது தனி வரும்படி.

பழைய சம்பா ரகங்கள் பலவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. கடைக்காரர்கள் அதைப் பேசுவதே இல்லை. பகல் குறுகும்போதுதான் அவை பூட்டைக்கு வரும். நடவு பதினைந்து நாள் பிந்தினாலும் அறுவடை அவ்வளவு பிந்தாது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படாமலே 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் போயின. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத டெல்டாவில், நாளைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பயிர் சின்ன விஷயமா?

அதே குணம் தெரியாதவர் கையில் வினையாகவும் முடியும். அங்காடியில் ஒரு ரகத்துக்குக் கிராக்கி வந்துவிட்டது என்பதற்காகப் பட்டம் தப்பி விதைத்தால், பயிர் புல்லாக வளர்ந்துகொண்டே போகும், கதிர் வராது. தாத்தாவுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி விதைப்பையோடு சேர்ந்து வருவதில்லை. பை மேல் ரகத்தின் பெயர் இருக்கும், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று இருக்கும். எந்தப் பட்டம், எந்த மண், எத்தனை நாள் என்பதுதான் பெரும்பாலும் இருக்காது.

ஆக, தாங்கும் சக்தியைப் 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கே எழுதி வைத்துவிட முடியாது. குறிப்பிட்ட விதை குறிப்பிட்ட வயலோடு பொருந்துவதில்தான் அது இருக்கிறது. காட்டுயானத்தையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் அதைக் காப்பாற்றும் உயரமே காற்றில் அதைக் கவிழ்க்கிறது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி டெல்டாவில் பருவம் தவறிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்துப் போட்டது. அப்படிப்பட்ட மழையில் குட்டை ரகமே படுத்துவிடும். ஆள் உயரப் பயிர் பின்னிக்கொண்டு பாயாகப் படுத்தால் அறுப்பு மெஷின்காரர் வரப்பில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். வைக்கோல் உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும், நேரம் இழுக்கும். வாடகை மணிக் கணக்கு என்பதால் அந்த இழுவை முழுதும் நிலத்துக்காரர் தலையில்தான் விழும். ஆள் வைத்து அறுக்கலாம் என்றால் ஆள் எங்கே?

விதைத் திருவிழாக்கள் நடந்துவந்த இதே காலத்தில் ஆய்வுக்கூடம் வேறு வழியில் போனது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம், முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரோடு கிடக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை விஞ்ஞானிகள் 2006-இல் அடையாளம் கண்டார்கள். ஆதிரெங்கத்தில் திருவிழா தொடங்கிய அதே ஆண்டு! மூழ்கிய பயிர் மேலே வரத் துடித்துச் சக்தியைத் தீர்த்துக்கொள்ளாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும்படி அது செய்கிறது. டெல்டாவுக்குப் பழக்கமான சி.ஆர். 1009 ரகத்திலும் இந்தக் குணத்தை ஏற்றி, சி.ஆர். 1009 சப்1 என்று கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குணத்தின் பூர்விகமும் ஓர் உழவர் வீட்டு விதைதான். ஆனாலும் மரபு நெல் மேடையில் அந்த ரகத்துக்கு இடம் கிடையாது, ஆராய்ச்சி நிலையத்தில் விதைத் திருவிழாவுக்குப் பெரிய மரியாதை கிடையாது. கூட்டு முயற்சி என்று இவ்வளவு பேசுகிறவர்கள், மிகவும் தேவைப்படும் இந்தக் கூட்டைத்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். ஒரே பெயரில் ஊருக்கு ஒரு விதை உலவுவதையும், வயலில் கலவன் தலைகாட்டுவதையும் சரிசெய்ய இரு தரப்பும் சேர்ந்தால்தான் முடியும்.

மகசூலுக்குப் பிந்தைய கதை இன்னும் சிக்கல். மரபு ரகத்தில் விளைச்சல் பொதுவாக நவீன ரகத்தைவிடக் குறைவு, பாதியளவுக்கு இறங்குவதும் உண்டு. அதை ஈடுகட்ட விலை கிடைத்தாக வேண்டும். 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை, பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய், முதல் தர ரகத்துக்கு 2,389 ரூபாய். சிவப்பரிசி நெல்லுக்கென்று தனி விலை இந்தப் பட்டியலில் இல்லை. எனவே இளைஞர் தானே விற்க வேண்டும். தானே அரைக்கவும் வேண்டும். பெரிய ஆலைக்காரருக்குப் பத்து மூட்டைக்காக மெஷினை ஓட்டக் கட்டாது. சிறிய ரப்பர் உருளை அரவை தேடி அலைந்து, தவிட்டோடு அரைத்துக் கொண்டுவந்தால், எண்ணெய்ச் சத்துள்ள தவிடு சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வைக்கும். அங்காடி பையைத் திருப்பி அனுப்பும்.

இங்கேதான் கூட்டுகளின் உண்மை முகம் தெரிகிறது. விளைந்தால் நல்ல விலை கொடுக்க நகரத்து வாடிக்கையாளர் தயார். விளையாமல் போனால் அவர் அடுத்த உழவரிடம் போய்விடுகிறார். பயிர்க் காப்பீடு பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்க்கிறது. ஊரெல்லாம் குட்டை ரகம் நட்டுத் தப்பித்து, ஒருவர் வயல் மட்டும் சாய்ந்தால் அந்தச் சராசரியில் அவர் இழப்பு கரைந்துபோகும். 2020-இல் ஒன்றிய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குத் தருகிறது. தலைமை அலுவலர் சம்பளம், வாடகை, கணக்கு வழக்கு என்று அது போய்விடும். சம்பாவில் மூன்று ஆண்டு என்றால் மூன்றே அறுவடை. அதில் ஒன்று புயலில் போனால் மீதி இரண்டு. தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். இந்த அளவு நிலத்தில் ஓர் அறுவடை தவறினால் ஓர் இளைஞர் மறுபடி பெங்களூர் பேருந்து ஏறிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு கேள்வியை இந்த வட்டாரத்தில் எழுப்பினால் முகம் சுளிக்கிறார்கள். காட்டுயானம் கிட்டத்தட்ட 180 நாள் பயிர். அத்தனை நாளும் தண்ணீரைக் கட்டி வைத்தால் வயலிலிருந்து மீத்தேன் கிளம்பிக்கொண்டேதான் இருக்கும், விளைச்சலும் குறைவு என்பதால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் இன்னும் கூடும். பருவநிலையைத் தாங்குவது வேறு, பருவநிலையைக் கெடுக்காமல் இருப்பது வேறு. இடம் கொடுக்கும் வயல்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும். அதற்கு மேட்டுப்பாங்கும் வேண்டும், நினைத்த நேரத்தில் தண்ணீரும் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, இரண்டுக்கு நான்கு என்ற அந்தக் கணக்கு கெட்ட கணக்கென்று தோன்றவில்லை. பணமில்லாத ஒருவர் கையில் விதை சேர அதைவிட எளிய வழி வேறெது? குறை, விதையோடு பகிர்வு நின்றுவிடுவதில்தான். திருப்பித் தரும் 4 கிலோவோடு, எந்த மண்ணில் எந்தத் தேதியில் விதைத்தது, எத்தனை நாள் மூழ்கியது, எப்போது சாய்ந்தது, எத்தனை மூட்டை கண்டது என்று ஒரு தாளும் வந்து சேர்ந்தால் பத்தே ஆண்டில் ஆராய்ச்சி நிலையங்களே தேடி வந்து கேட்கும் ஏடு ஒன்று கையில் இருக்கும். அங்காடிகள் முன்பணத்தில் ஒரு பங்கை, விளைந்தாலும் விளையாவிட்டாலும் திருப்பிக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். அதுவரை, விவரம் தெரிந்த இளைஞர்கள் தங்கள் வழியில் சமாளிக்கலாம்: வடிகால் ஓரப் பள்ளத்தில் சி.ஆர். 1009 சப்1, மேட்டுத் தாக்கில் அரை ஏக்கர் மரபு நெல், அதுவும் அரவைக்கு ஆள் பார்த்து வைத்த பிறகு.