ஜட்ஜுக்கும் கிரகம் உண்டா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட் பெரியவர் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். (விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, பால்கோவா ஊரில்தான்.) மருமகன் மேல் அடிதடி கேஸ், அன்றைக்கு வாய்தா.

‘‘பய நல்லவன் சார். கிரகம் சரியில்லை, கை நீட்டிட்டான்.’’

‘‘அப்ப ஜட்ஜ் உள்ள போட்டா அதுவும் கிரகம்தானே?’’

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘‘அதெப்படி? படிச்ச மனுஷன், யோசிச்சில்ல சொல்லணும்!’’

மருமகனுக்கு விதி, ஜட்ஜுக்கு மதி. சிரிக்காதீர்கள். சிலப்பதிகாரத்தின் கட்டுமானமே இதுதான்.

ராணியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் பாண்டியன் விசாரிக்காமல் உத்தரவு போடுகிறான். காவலர்கள்கூட கோவலனைப் பார்த்துவிட்டு, திருடன் மாதிரி தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவு சாஸ்திரம் பற்றி ஒரு லெக்சரே அடித்து அவர்கள் வாயை அடைக்கிறான். கோவலன் சாகிறான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்ததும் பாண்டியன் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு விழுந்து உயிரை விடுகிறான். அப்புறம் மதுரை எரிகிறது. அப்போதுதான், கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் முன்கதை சொல்கிறது. போன பிறவியில் கோவலனின் பெயர் பரதன். கலிங்கத்தில் சங்கமன் என்ற வியாபாரியை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லவைத்தவன்.

‘ஊழ்வினையின் வலிமை’ என்று ஐந்து மார்க்குக்கு எழுதியிருப்பீர்கள். வரிசையைக் கவனியுங்கள். மதுராபதி வருவதற்குள் பாண்டியன் செத்துவிட்டான். அந்தச் சமாதானம் அவன் காதில் விழவே இல்லை. உத்தரவு போட்ட இடத்திலேயே, வினை விளையும் நேரம் என்று இளங்கோ அவனுக்கும் ஒரு சாக்கு எடுத்துத் தருகிறார். அவன் அதைத் தொடவில்லை. இந்த இடத்துக்காகவே இளங்கோவை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.

அவர் சறுக்குவது பிறகு. வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். நாட்டில் மழை பெய்கிறது. ஒருத்தன் திருடினதுக்கு ஆயிரம் தலை! இவர்களில் ஒருவருக்காவது முற்பிறப்புக் கதை உண்டா? கிடையாது. பொற்கொல்லராகப் பிறந்ததே போதும்.

விதி ரத்தத்தில் இறங்கிவிட்டால் இப்படித்தான். வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஜோசியர் பார்க்கிற கைரேகை இல்லை, ஸ்டேஷனில் உருட்டுகிற ரேகை. (யோசித்தால் இரண்டும் ஒன்றுதான்.) உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு. ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். இங்கே சட்டம் போனது 1947-ல். ராஜபாளையத்தில் வம்சம் பார்த்து விலை பேசுவார்கள். அது நாய்க்கு.

ஸ்டான்ஃபோர்டின் ராபர்ட் சபோல்ஸ்கி 2023-ல் ‘டிடர்மின்ட்’ என்று தடியாக ஒரு புத்தகம் போட்டார். ஜீன், ஹார்மோன், வளர்ந்த வீடு எல்லாம் சேர்ந்து நம்மை ஆட்டுகின்றன, சுயேச்சை என்று ஒன்றே இல்லை என்கிறார். பிரேக் போன காரை ரோட்டில் விடமாட்டோம், அதற்காக அதன் மேல் கோபப்படவும் மாட்டோம், குற்றவாளியையும் அப்படி நடத்தலாமே என்பது அவர் வாதம். எனக்குப் பாதிதான் சம்மதம். எந்தக் காருக்கு பிரேக் இல்லை என்று யார் சொல்வது? ரேகை உருட்டினவர்களும் ரோட்டைப் பத்திரப்படுத்துவதாகத்தான் நினைத்தார்கள்.

நம் சுப்ரீம் கோர்ட் 2022-ல் மனோஜ் வழக்கில் செய்தது இதைவிடத் தேவலை. தூக்கு போடும் முன் குற்றவாளியின் மனநலம், வளர்ந்த சூழ்நிலை பற்றியெல்லாம் அறிக்கை வாங்கிப் பார்க்கச் சொன்னது. அதாவது, மதுராபதி முதலிலேயே வந்து சாட்சி சொல்லவேண்டும். தீர்ப்பு மட்டும் பாண்டியனுடையது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது பெரியவரிடம் கேட்டேன், அடி வாங்கினவர் எப்படி இருக்கிறார் என்று.

‘‘கை இன்னும் தூக்க வரலை சார். மூணு மாசமா மில்லுக்குப் போகலை’’ என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே, ‘‘அவனுக்கும் நேரம் சரியில்லை’’ என்றார்.