காஸ்ட்ரோவைக் காட்டிய இரு படங்கள்

கியூபாவின் பிடல் காஸ்ட்ரோ 2016 நவம்பர் 25 அன்று மறைந்தபோது ஹவானா துக்கம் காத்தது. கடலுக்கு அப்பால் மயாமி நகரில் குடியேறிய கியூபர்கள் வீதியில் இறங்கி ஆடிப் பாடினர். ஒரே மனிதர், ஒரே சாவு. இத்தகைய ஒருவரைப் படம்பிடிக்கப் புகும் கலைஞர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது முக்கியம். அமெரிக்க இயக்குநர் ஆலிவர் ஸ்டோன் உருவாக்கிய 'கொமாந்தாந்தே' (2003), 'லுக்கிங் ஃபார் பிடல்' (2004) என்னும் இரு ஆவணப் படங்களையும் இக்கண்கொண்டே நாம் நோக்குகிறோம்.

முதற்படம் 2002 பிப்ரவரியில் மூன்றே நாட்களில் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது மணி நேர உரையாடல் பதிவாயிற்று. எந்நேரமும் படப்பிடிப்பை நிறுத்தச் சொல்லும் உரிமை காஸ்ட்ரோவுக்கு இருந்தது. ஒருமுறைகூட அவர் அதைப் பயன்படுத்தவில்லை. எழுபத்தைந்து வயது முதியவர், சலிப்பின்றிப் பேசுகிறார், சிரிக்கிறார், விடை சொல்ல விரும்பாத வினாவை நயமாக விலக்குகிறார். மனிதரைக் கவரும் ஆற்றல் அவரிடம் இருந்தது என்பதை இப்படத்தைக் காணும் எவரும் மறுக்க இயலாது. அவரைப் பேயாக மட்டுமே சித்திரிப்போருக்கு இது நல்ல மருந்து. வியட்நாம் போரில் சிப்பாயாக நின்றவர் ஸ்டோன். தம் நாட்டு அரசு சொன்னதையெல்லாம் நம்ப மறுப்பவர். அவரது பரிவு எங்கிருந்து வருகிறதென்பது விளங்குகிறது. ஆனால் பரிவு விரைவில் பணிவாகிவிடுகிறது. கேட்டதற்குக் கிடைத்த விடையை மறுத்துக் கேட்கும் இரண்டாவது கேள்வி அரிதாகவே எழுகிறது.

நம் வாசகர்கள் ஒரு பின்னணியை மனத்திற்கொண்டு இப்படங்களைக் காண்பது நலம். காஸ்ட்ரோ இயேசு சபையினரின் பள்ளிகளில் பயின்றவர். 1953-இல் மொன்காதா படைமுகாம் தாக்குதல் தோல்வியுற்றபின், தப்பியோடியவர்களின் உயிருக்காகப் பரிந்து நின்றவர் சாந்தியாகோ பேராயர் பெரெஸ் செரான்தெஸ். அரசு கைக்கு வந்தபின் நிகழ்ந்தது வேறு. 1961-இல் கத்தோலிக்கப் பள்ளிகள் பறிக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் ஒரே கப்பலில் ஸ்பெயினுக்கு வெளியேற்றப்பட்டனர். அதே 1961-இல்தான் நாடெங்கும் எழுத்தறிவு இயக்கமும் நடந்தது. ஏழைகளுக்கு எழுத்தும் மருத்துவமும் கிட்டின. இவ்விரண்டில் ஒன்றை மறைப்பவர் எப்பக்கத்தவராயினும் உண்மைக்கு ஊறு செய்கிறார். 1998 சனவரியில் கியூபா சென்ற திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல், அங்கே மக்களின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தார். அமெரிக்காவின் பொருளாதாரத் தடையையும் கண்டித்தார். அத்தகைய இருபுறப் பார்வையை ஒரு திரைப்படத்திடம் எதிர்பார்ப்பது மிகையாகுமா?

ஸ்டோன் தலைவரோடு உரையாடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ஹவானாவில் ஒசுவால்தோ பாயா என்னும் பொதுநிலைக் கத்தோலிக்கர் வேறொரு பணியில் இருந்தார். மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் அவர். சட்டச் சீர்திருத்தம் கோர 10,000 வாக்காளர்களின் கையெழுத்துப் போதும் என்று கியூபாவின் அரசியலமைப்பே அனுமதித்திருந்தது. அவரும் நண்பர்களும் வீடுவீடாகச் சென்று திரட்டிய 11,020 கையெழுத்துகளை 2002 மே மாதத்தில் தேசியப் பேரவையில் ஒப்படைத்தனர். பெலிக்ஸ் வரேலா என்னும் 19-ஆம் நூற்றாண்டுக் குருவின் பெயரையே இம்முயற்சிக்குச் சூட்டியிருந்தனர். படையும் இல்லை, பணமும் இல்லை. நம் பங்குகளில் காணும் பொதுநிலையினர் போன்றவர்களே இவர்கள். முதற்படத்தில் இவர்களுக்கு இடமில்லை.

2003 மார்ச்சில் 75 பேர் கைதாகி நெடுஞ்சிறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் இக்கையெழுத்துகளைத் திரட்டியவர்கள். ஏப்ரலில் படகு கடத்திய மூவர் விரைவு விசாரணைக்குப்பின் சுட்டுக் கொல்லப்பட்டனர். படத்தை ஒளிபரப்ப இருந்த அமெரிக்க நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. ஸ்டோன் திரும்பிச் சென்று எடுத்ததே இரண்டாம் படம். இதில் கேள்விகள் கூர்மையாகின்றன; அரசை எதிர்ப்போர் சிலரும் பேசுகின்றனர்.

இதில் ஒரு காட்சி நம்மை உறங்கவிடவில்லை. கடத்தல் குற்றம் சாட்டப்பட்ட சிலரை ஓர் அறையில் அமர்த்தியிருக்கின்றனர். வழக்கறிஞர்கள் இருக்கின்றனர். காஸ்ட்ரோவும் இருக்கிறார், மனந்திறந்து பேசுங்கள் என்று அவரே அவர்களை ஊக்குகிறார். உங்களுக்கு எத்தண்டனை தகும் என்று ஸ்டோன் கேட்க, நெடுங்காலச் சிறை தகும் என்று அவர்களே சொல்கின்றனர்! பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகிய நமக்கு இக்காட்சியின் கோணல் உடனே உறைத்தது. அச்சத்தால் வாங்கப்படும் அறிக்கையைத் திருச்சபை அறிக்கையாகவே ஏற்பதில்லை. தாவீது அரசன் முன் நின்ற இறைவாக்கினர் நாத்தான், அரசனே தன் வாயால் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ளும்படி கதை சொன்னார். இங்கோ அரசர் அமர்ந்திருக்கிறார். எளியவர்கள் தங்களுக்குத் தாங்களே தீர்ப்பெழுதுகின்றனர். கேள்வி கேட்பவர் கதை கேட்க வந்தவராக நிற்கிறார். ஆயினும் இக்காட்சியை வெட்டாமல் வைத்தமைக்காக ஸ்டோனைப் பாராட்ட வேண்டும். இரு படங்களிலும் காஸ்ட்ரோவின் ஆட்சியை உள்ளபடி காட்டும் சில நிமிடங்கள் இவையே என்பது நம் கருத்து. இயக்குநர் அதைக் கருதித்தான் வைத்தாரா என்பது வேறு.

சிறைப்பட்ட அந்த 75 பேரின் மனைவியரும் அன்னையரும் ஹவானாவின் சாந்தா ரீத்தா ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி கண்டு, வெள்ளாடை உடுத்தி, பூவேந்தி, வாய்பேசாமல் வீதியில் நடந்தனர், ஆண்டுக்கணக்கில் நடந்தனர். 1960-களில் கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஒரு குரு, பின்னாளில் கர்தினாலான ஹைமே ஒர்தேகா, 2010-இல் அரசோடு பேசி, எஞ்சியிருந்த 52 பேரின் விடுதலைக்கு வழி செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டனர். 1961-இல் குருக்களை ஏற்றிய கப்பல் சென்றதும் அந்நாட்டிற்கே.