தண்ணீர் கூலரும் சத்தமில்லாத கணினியும்

கேமிங் கணினிக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் ஒதுக்கியவர்களின் பட்டியலில் ஒரு பொருள் எழுதாத விதியாகவே இடம்பிடித்துவிட்டது: பிராசசருக்கு 360 மில்லிமீட்டர் தண்ணீர் கூலர். சென்னை ரிச்சி தெருவில் கொட்டேஷன் கேட்டாலும், இணையத்தில் பாகம் பாகமாகச் சேர்த்து வாங்கினாலும், மூன்று விசிறி வைத்த ரேடியேட்டரும் இரண்டு கறுப்புக் குழாய்களும் இல்லாத கணினி அரைகுறையாகத் தெரிகிறது. தண்ணீர் ஓடினால் சூடும் ஏறாது, சத்தமும் வராது என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதற்காகச் செலவாகும் பணம், கேம் ஆடும்போது சத்தம் உண்மையில் பிறக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

முதலில் தண்ணீர் கூலரின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். பிராசசர் மேல் பதியும் செம்புத் தகட்டிலிருந்து வெப்பத்தைத் திரவம் வாங்கிக்கொள்கிறது. பம்ப் அதைக் கேபினெட்டின் ஓரத்தில் இருக்கும் ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. தண்ணீருக்கு வெப்பம் தாங்கும் திறன் அதிகம் என்பதால், சில விநாடி மட்டும் எகிறும் சுமையை அது விழுங்கிவிடும். விசிறி பதறி வேகமெடுக்கத் தேவையில்லை. இன்டெல் கோர் ஐ9 13900கே போன்ற பிராசசருக்கு இன்டெல்லே வகுத்த உச்ச வரம்பு 253 வாட். அதை மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டி வீடியோ ரெண்டர் செய்பவருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் நியாயமான முதலீடு. எடை விஷயத்திலும் அதற்கு ஒரு வசதி உண்டு. காற்றுக் கூலர்களில் பெயர்பெற்ற நாக்டுவா என்எச்-டி15 (2014) இரண்டு விசிறிகளோடு 1.3 கிலோ எடையும் 165 மி.மீ. உயரமும் கொண்டது. ஒடுக்கமான கேபினெட்டில் அது நுழையாது. நுழைந்தாலும், அவ்வளவு எடையை மதர்போர்டில் தொங்கவிட்டபடி கூரியரில் அனுப்ப யாருக்கும் மனம் வராது.

ஆனால் கேம் ஆடுபவரின் பிராசசர் அப்படி உழைப்பதில்லை. 2023இல் வந்து கேமர்களின் முதல் தேர்வான ஏ.எம்.டி. ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசரின் அதிகாரபூர்வ அளவு 120 வாட். பெரும்பாலான கேம்களில் அது 80 வாட்டைக்கூடத் தொடாது. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 போன்ற இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர், விசிறியை மெதுவாக ஓட்டிக்கொண்டே இந்த வெப்பத்தைச் சமாளிக்கும். நல்ல 360 மி.மீ. தண்ணீர் கூலர் விலையில் பாதிகூட ஆகாது.

காற்றுக் கூலர் என்ற பெயரைப் பார்த்து அதைப் பழைய தொழில்நுட்பமாக நினைப்பவர்கள் உண்டு. அதன் செம்புக் குழாய்களுக்குள்ளும் இருப்பது தண்ணீர்தான். காற்றை வெளியேற்றி மூடிய குழாய்க்குள் சிறிதளவு தண்ணீர் சூட்டில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, உட்சுவரின் திரிபோன்ற நுண்துளைகள் வழியே தானாகத் திரும்பி வருகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய முறை இது. பம்ப் இல்லாமலே நடக்கும் சுழற்சி என்பதே இதன் அழகு. தண்ணீர் கூலரின் பம்போ கணினி சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும். இரவில் அறை அடங்கிய பிறகு அதன் மெல்லிய ரீங்காரம் தனியாகக் கேட்கும். ரேடியேட்டர் பம்பைவிடத் தாழ்வாக இருந்தால் காற்றுக் குமிழ்கள் பம்பிலேயே தங்கிக் களகளவென்று சத்தம் எழுப்பும். குழாய்ச் சுவர் வழியே திரவம் வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாவதையும் தவிர்க்க முடியாது. பம்ப் நின்றால் கூலரையே மாற்ற வேண்டும். காற்றுக் கூலரில் கெட்டுப்போகக்கூடியது விசிறி மட்டுமே. அதைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம்.

வெப்பம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பட்டியலின் பிழை இன்னும் தெளிவாகும். 2016இல் என்விடியா ஜி.டி.எக்ஸ். 1080 கார்டுக்கு 180 வாட். 2020இல் ஆர்.டி.எக்ஸ். 3080 அதை 320 ஆக்கியது. 2022இன் 4090 கேட்டது 450, 2025இன் 5090 கேட்பது 575. நடுத்தர நிலையிலுள்ள 4070 சூப்பரே 220 வாட். மேலே சொன்ன ரைசனோடு அதைச் சேர்த்தால், கேம் நடக்கும்போது இரண்டும் வெளியிடும் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிராபிக்ஸ் கார்டிலிருந்து வருகிறது. அந்த முக்கால் பங்கைப் பிராசசரின் தண்ணீர் கூலர் தொடுவதேயில்லை. ரேடியேட்டரை முன்பக்கம் காற்று உள்ளே வரும்படி மாட்டினால், அதில் சூடான காற்று கார்டை நோக்கிப் போகிறது. மேலே மாட்டினால், கார்டு கக்கும் சூடு ரேடியேட்டரைக் கடந்துதான் வெளியேற வேண்டும். பிராசசர் 60 டிகிரியில் சொகுசாக இருக்க, கீழே கார்டின் மூன்று சிறு விசிறிகள் அலறும் கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விசிறியின் கணக்கு தெரிந்தால் சத்தத்தைக் குறைக்கும் வழியும் தெரியும். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும், சத்தமோ கிட்டத்தட்ட 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குப் பாதி சத்தம்போல் தோன்றும். அதே வேகத்தில் இன்னொரு விசிறியைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் பெரிய விசிறிகள் இரண்டு மூன்றை மெதுவாக ஓட்டுவது, ஒரு சிறிய விசிறியை விரட்டுவதைவிட எப்போதும் மேல்.

எவ்வளவு சத்தம் என்பதைவிட அது எப்படி மாறுகிறது என்பதே காதை அதிகம் உறுத்துகிறது. சீரான இரைச்சலைக் காது சில நிமிடத்தில் மறந்துவிடும், ஏறி இறங்கும் இரைச்சலை மறக்காது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே பிராசசரின் வெப்பம் நொடியில் 45இலிருந்து 70க்குத் தாவி மறுபடி விழும். மதர்போர்டின் இயல்பு அமைப்பு அந்தத் தாவலை அப்படியே பின்பற்றுவதால் விசிறி ‘வ்ர்ர்’ என்று எழுந்து அடங்குகிறது. பயாஸில் விசிறி வரைகோட்டைத் திறந்து, 65 டிகிரிவரை ஒரே மெதுவான வேகத்தில் தட்டையாக வைத்து, வேகமெடுப்பதற்குச் சில விநாடி தாமதமும் கொடுத்தால் அந்தத் தொல்லை தீரும். காசு செலவில்லாத இந்தக் கால் மணி நேர வேலையைச் செய்யாமலே விலையுயர்ந்த கூலருக்குத் தாவுவது எனக்கு ஏற்பில்லை.

நம் ஊரின் வெயிலையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். சாதாரணக் கூலர் எதனாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. தண்ணீர் கூலரும் அப்படித்தான். மேற்கத்திய விமர்சகர்கள் பொதுவாக 20 முதல் 25 டிகிரி அறையில் அளக்கிறார்கள். 22 டிகிரி அறையில் 68 டிகிரியில் நிற்கும் கார்டு, ஏ.சி. இல்லாத 36 டிகிரி சென்னை அறையில், அதே விசிறி வேகத்தில் 82 டிகிரியைத் தொடும். அதை 68லேயே பிடித்து வைக்க விரும்பினால், 46 டிகிரி வித்தியாசத்தில் வெளியேறிய வெப்பத்தை 32 டிகிரி வித்தியாசத்தில் வெளியேற்ற வேண்டும். அதற்கு விசிறிகள் பல மடங்கு பாடுபடும். அங்கே அமைதியாக இருந்ததாக எழுதப்பட்ட கார்டு இங்கே இரைவது இதனால்தான். அறைக்குள் வரும் சூட்டையும் பெரிய கூலர் குறைப்பதில்லை. 400 வாட் இழுக்கும் கணினி 400 வாட் ஹீட்டர்தான். ஒரு டன் ஏ.சி.யின் திறன் ஏறத்தாழ 3,500 வாட் என்பதால், அதில் ஒன்பதில் ஒரு பங்கைக் கணினியே தின்றுவிடும்.

வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைக்கும் அண்டர்வோல்ட் முறையை இந்தக் காரணங்களுக்காகவே எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். சிப் இழுக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 1.05 வோல்ட்டை 0.925 ஆக்கி வேகத்தை அப்படியே வைத்தால், இயக்க மின்சாரம் சுமார் 22 சதவீதம் குறைகிறது. ஆலையில் பலவீனமான சிப்பும் தாங்கும்படி அழுத்தத்தைச் சற்றுக் கூட்டியே வைப்பதால் பெரும்பாலான கார்டுகளில் இந்த இடைவெளி இருக்கிறது. அந்த இயல்பு அமைப்பு எப்போதும் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் நிலைகுலைந்ததற்கு அளவு மீறிய மின்னழுத்தம் காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. மைக்ரோகோடு திருத்தம் தந்து, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. எவ்வளவு பெரிய கூலர் மாட்டியிருந்தாலும் அந்தச் சேதத்தைத் தடுத்திருக்க முடியாது.

அண்டர்வோல்ட்டில் குறையும் உண்டு. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதம், இன்னொருவரின் எண்ணை அப்படியே நகலெடுக்க முடியாது. சோதனை மென்பொருளில் தேறிய அமைப்பு, குறிப்பிட்ட ஒரு கேமில் இரண்டு மணி நேரம் கழித்துத் திரையைக் கறுப்பாக்கும். பொறுமை இல்லாதவர்கள் கார்டின் மின்வரம்பை மட்டும் 80 சதவீதமாகக் குறைக்கலாம். பலன் சற்றுக் குறையும், ஆனால் கறுப்புத் திரை வராது.

கேபினெட் விஷயத்தில் அமைதியை விரும்புவோரிடமும் ஒரு பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி முகப்பை முழுதாக மூடிய பெட்டிகள் ஒரு காலத்தில் சரியான விடை. அப்போது ஹார்டு டிஸ்க் கரகரத்தது, கார்டின் வெப்பமும் குறைவு. இன்று மூடிய முகப்பு காற்றை நெரிக்கிறது, விசிறிகள் வேகமெடுக்கின்றன, ஸ்பாஞ்ச் அடக்கும் சத்தத்தைவிட அவை எழுப்பும் சத்தமே அதிகம். முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடியாக இருக்கும் பெட்டியிலும், காற்றுக்குத் தனியாக வழி விட்டிருக்காவிட்டால், இதே கதைதான். வலை முகப்பே என் தேர்வு. அதற்குத் தூசி வடிகட்டி அவசியம். பிரதான சாலையோர வீடுகளில் ஒன்றிரண்டு மாதத்திலேயே அதில் சாம்பல் நிறப் படலம் ஒட்டும். கழற்றித் தட்டிக் கழுவாவிட்டால் வலை முகப்பும் மூடிய முகப்பாகிவிடும்.

தண்ணீர் கூலரைத் தவிர்த்தால் மிஞ்சும் பணத்தை, அதே கிராபிக்ஸ் சிப்பைத் தடித்த ஹீட்சிங்க்கோடு மூன்று விசிறி வைத்துத் தரும் மாடலுக்கும், இரண்டு 140 மி.மீ. விசிறிகளுக்கும் மாற்றிவிடுவேன். 350 வாட் கணினிக்கு 750 வாட் கோல்டு தர எஸ்.எம்.பி.எஸ். போட்டால், பாதிச் சுமையில் அது சுமார் 90 சதவீதத் திறனோடு ஓடும். விசிறியை நிறுத்தும் வசதி உள்ள மாடல்களில் பல நேரம் அது சுழலவே தேவையிருக்காது.

இத்தனையும் செய்த பிறகு ஒரு சத்தம் மட்டும் கூலரின் கைக்கு எட்டாமல் நிற்கும். அது கார்டின் மின்சுருள்கள் அதிர்வதால் எழும் கீச்சொலி. கேமின் முகப்புத் திரையில் விநாடிக்கு 500 பிரேம் ஓடும்போது அது உச்சத்தில் இருக்கும். பிரேம் எண்ணிக்கையைத் திரையின் 144 அல்லது 165 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும், மின்சாரமும் குறையும். ஒரே மாடலின் இரண்டு கார்டுகளில் ஒன்று கீச்சிடும், இன்னொன்று வாயே திறக்காது என்பதால் இதை விவரப் பட்டியலைப் பார்த்து அறிய வழியில்லை. கார்டு வந்த அன்றே கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, அறையின் மின்விசிறியை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட வேண்டும். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள்.