முழங்கையும் மூவகை அளவையும்

கிரிக்கெட் இரசிகர்களின் வாதம் பெரும்பாலும் ஆட்டத்தோடு பிறந்து ஆட்டத்தோடு மடிவது. தேர்வுக் குழு தவறியது, நடுவர் தவறினார், அணித்தலைவர் தவறினார் என்று ஓரிரவு முழங்கிவிட்டு மறுநாள் அடங்கிவிடும். அத்தகைய ஆரவாரத்தைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அனைத்துலக ஆட்டத்தில் ஒரு வாதம் மட்டும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஓயாது நிற்கின்றது. இலங்கையின் முத்தையா முரளிதரன் பந்தை வீசினாரா, எறிந்தாரா என்பதே அது.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வாதத்தில் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். ஒன்றை உண்மை என்று துணிவதற்குக் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைத் தமிழ் மரபு வகுத்துள்ளது. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைத் தேர்வுக்காக மட்டும் கற்றவர்க்கு அவை வெறும் கலைச்சொற்கள். முரளிதரன் வழக்கிலோ மூன்றும் உயிர்பெற்று நடமாடுகின்றன; மூன்றும் பிழைபட்ட இடங்களையும் காணலாம்.

1972இல் பிறந்த முரளிதரன் கண்டியைச் சேர்ந்த மலையகத் தமிழ்க் குடும்பத்தவர். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தோட்டத் தமிழரின் வரலாற்றை அறிந்த மலேசிய வாசகர்க்கு இக்கதை புதிதன்று. அவருடைய வலக்கை முழங்கை பிறவியிலேயே முழுதும் நீளாதது. தோளும் மணிக்கட்டும் வழக்கத்திற்கு மாறாகச் சுழல்பவை.

இங்கு விதியைத் தெளிவுறுத்தல் வேண்டும். வாதிடுவோருள் பாதிப்பேர் விதியை அறியாமலே வாதிடுகின்றனர். வளைந்த கையால் பந்து வீசுவது குற்றமன்று. கை தோள் மட்டத்திற்கு வந்தபின், பந்தை விடுமுன், வளைந்த முழங்கையை நிமிர்த்துவதே குற்றம். வளைவு வேறு, நிமிர்வு வேறு. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு எழுந்த ஆரவாரமே மிகுதி.

1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் திடலில் நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ பால்' என்று கைநீட்டினார். மறுமுனையிலிருந்து அவர் பந்து வீசியபோது அங்கு நின்ற நடுவர் குற்றமொன்றும் காணவில்லை. ஒரே கை, ஒரே நாள், இரு கண்கள்! பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் நடுவர் ராஸ் எமர்சனும் தடுத்தார். அப்போது முரளிதரன் தம் வழக்கமான வீச்சை விட்டு, மணிக்கட்டைத் திருப்பி வீசும் 'லெக் ஸ்பின்' பந்தை வீசிப் பார்த்தார். முழங்கையை நிமிர்த்தி அவ்வகைப் பந்தை எறிவது மிகக் கடினம் என்பர். அதுவும் 'நோ பால்' எனப்பட்டது. கண் ஒருமுறை துணிந்துவிட்டால் பிறகு துணிந்ததையே காணும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிட்டுவதரிது.

1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவருடைய வீச்சு ஆராயப்பட்டது. எறிவது போன்ற தோற்றம் கண்ணின் மயக்கமே என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. நீளாத கை தோளிலிருந்து விரைந்து சுழலும்போது, ஒரு பக்கத்திலிருந்து காண்பவர்க்கு வளைந்து நிமிர்வது போலத் தோன்றும். கயிற்றைப் பாம்பாகக் காணும் திரிவுக்காட்சிக்கு வகுப்பறையில் உதாரணம் தேடும் ஆசிரியர் இதனை எடுத்துக்கொள்ளலாம்.

ஆயினும் ஆஸ்திரேலியத் திடல்களில் அவர் ஓடி வரும்போதெல்லாம் பார்வையாளர் கூட்டம் 'நோ பால்' என்று கத்துவது நின்றபாடில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் தடுக்க, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். ஆட்டம் நெடுநேரம் தடைப்பட்டது.

முரளிதரனின் ஆதரவாளர் மறைக்கும் செய்தியும் ஒன்றுண்டு. 2004இல் அவருடைய 'தூஸ்ரா' பந்து அளக்கப்பட்டபோது முழங்கை 14 பாகை நிமிர்வதாகத் தெரிந்தது. பயிற்சிக்குப்பின் அது 10 பாகை அளவிற்குக் குறைந்தது. அப்போது சுழற்பந்து வீச்சாளர்க்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பு 5 பாகை. ஆகவே அன்றைய விதிப்படி அப்பந்து வரம்பு கடந்ததே. இதை ஒப்புக்கொள்ளாமல் அவருக்காக வாதிடுவது நேர்மையாகாது.

'அவருக்காகவே விதியை வளைத்தனர்' என்று எதிரணியினர் கூறுவது, இவ்வுண்மையின் ஒரு பாதியை மட்டும் பற்றிக்கொண்டு எழுந்த கூற்று. விதி மாறுவதற்கு அவர் வழக்கு ஒரு தூண்டுதல் என்பது மெய். ஆனால் அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் பிற பந்துவீச்சாளரையும் அதிவேகப் படக்கருவியால் அளந்தபோது, குற்றமற்றவை எனப் போற்றப்பட்ட கைகள் பலவும் நிமிர்வது தெரியவந்தது. வேகப்பந்து வீச்சாளர்க்கு முன்னரே 10 பாகை வரை இடம் தரப்பட்டிருந்தது. கண்ணுக்கு அது புலப்படாமையால் எவரும் கூச்சலிடவில்லை. சற்றும் நிமிராத கை என்பது அந்நாள்வரை விதிநூலில் மட்டுமே வாழ்ந்து வந்தது. 2005 மார்ச் 1 முதல் அனைவர்க்கும் 15 பாகை என்னும் ஒரே வரம்பு நடைமுறைக்கு வந்தது.

காண்டலில் தோற்றவர்கள் கருதலுக்குத் தாவினர்; அதாவது, கணக்கைக் காட்டத் தொடங்கினர். முரளிதரன் 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் எடுத்தார். ஷேன் வார்ன் 145 ஆட்டங்களில் 708 எடுத்தார். வார்னின் இரசிகர் உடனே வங்காளதேசத்தையும் ஜிம்பாப்வேயையும் சுட்டுவர். அவ்வணிகளிடம் முரளிதரன் பெற்றவை 176, வார்ன் பெற்றவை 17 மட்டுமே. நியாயமான தடைதான். ஆனால் கணக்கை முடிவுவரை போட்டுப் பார்ப்பவர் சிலரே. அவ்விரு அணிகளையும் நீக்கினால் முரளிதரனுக்கு 108 ஆட்டங்களில் 624. வார்னுக்கு 142 ஆட்டங்களில் 691. ஆட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 5.8, 4.9. தடை எழுப்பிய பின்னும் தராசு பழைய பக்கமே தாழ்கின்றது.

அதனால் முரளிதரனே மேலானவர் என்று முடித்துவிடவும் இயலாது. ஆஸ்திரேலிய மண்ணில் அவர் 5 டெஸ்டுகளில் எடுத்தவை 12 விக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 75 ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். வார்னோ இந்தியாவிடம் விக்கெட்டுக்கு 47 ஓட்டங்கள் கொடுத்தார். மேலும், மெக்ராத்துடன் விக்கெட்டுகளைப் பங்கிட வேண்டியிருந்தவர் வார்ன். பல ஆட்டங்களில் தனியொருவராகச் சுமை தாங்கியவர் முரளிதரன். எண்கள் சான்றாகலாம், தீர்ப்பாகா. இரசிகர் வாதத்தின் பெருங்குறை எண்களைக் கையாள்வதன்று. வேண்டிய இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவதே.

உரையளவையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2004இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே முரளிதரன் பந்தை எறிபவர் என்று கூறினார். பிரதமர் பதவி முழங்கையை அளக்கும் தகுதியைத் தருவதில்லை என்பதை வாதிடுவோர் மறந்தனர். இலங்கை இரசிகரோ, எதிர்ப்பு முழுவதும் வெள்ளையரின் இனக்காழ்ப்பே என்று ஒரே சொல்லில் அடக்கினர். அக்காழ்ப்பு அறவே இல்லையென எவரும் சாதிக்க முடியாது. எனினும் அவர் வீச்சை மிகக் கடுமையாகக் கண்டித்தவருள் ஒருவர் இந்தியாவின் சுழற்பந்து மேதை பிஷன் சிங் பேடி. அவரை எந்தக் காழ்ப்பில் அடக்குவது? தம் கலையின் தூய்மை கெடுவதாக மனமார நம்பியவர் அவர். அந்த நம்பிக்கை மறுக்கத்தக்கது, இகழத்தக்கதன்று.

முரளிதரன் 2010 ஜூலை 22 அன்று காலியில் இந்தியாவின் கடைசி விக்கெட்டாகத் தம் எண்ணூறாவதைப் பெற்று டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். பத்தாண்டு கழித்து வாதம் தமிழ்நாட்டிற்குள் நுழைந்தது. அவர் வாழ்க்கையைக் கூறும் '800' என்னும் திரைப்படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. இம்முறை முழங்கை வழக்கன்று, சொல் வழக்கு. போர் முடிந்த 2009ஐத் தம் வாழ்வின் மகிழ்ச்சியான ஆண்டு என்று அவர் கூறினார் என்பது குற்றச்சாட்டு. அச்சம் நீங்கியதையே குறித்ததாகவும், தமிழர் கொலையுண்டதை மகிழ்ந்ததாக அதனைத் திரித்துவிட்டதாகவும் அவர் விளக்கினார். அந்த ஆண்டில் உற்றாரை இழந்தவர் செவியில் அச்சொல் விழுந்த விதத்தை விளக்கவுரை எதுவும் எளிதில் மாற்றிவிடாது. சொன்னவர் கருதிய பொருளையும் கேட்டவர் கொண்ட பொருளையும் அளந்து, இத்தனை பாகை என்று கூறும் ஆய்வுக்கூடம் எங்குமில்லை. முரளிதரனே கேட்டுக்கொள்ள நடிகர் விலகினார். படம் 2023இல் வேறொருவர் நடிப்பில் வெளிவந்தது. வாதம் இன்னும் நடக்கின்றது.