கேட்பவர் இல்லாத நேர்முகம்

களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களிடையே வளர்ந்து, பட்டம் பெற்று, உத்தியோகம் தேடும் இளைஞரிடம் இன்று புதுவகை நேர்முகப் பரீட்சையொன்று கோரப்படுகிறது. முதலில் கணினி விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும். தப்பியவர்க்குக் கைத்தொலைபேசித் திரையில் கேள்வி தோன்றும். சிந்திக்கச் சில விநாடி, விடை சொல்ல ஓரிரு நிமிடம். பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருந்து, கதவை அடைத்துக்கொண்டு, ஆளில்லாத திரையை நோக்கிப் புன்னகைத்துப் பேச வேண்டும். பேசியது பதிவாகும். உரையாடல் என்று பெயர் தாங்கிவரும் இவ்வடிவத்தை, இலக்கிய வடிவமொன்றை எடைபோடுவதுபோலவே நாம் எடைபோட விரும்புகிறோம்.

உரையாடலுக்கு முதல் இலக்கணம் கேட்பவர். நமது வடமோடிக் கூத்திலே, களரியைச் சூழ்ந்த சனத்தின் முகம் பார்த்தே ஆட்டம் சூடேறுகிறது. இங்கோ அந்த முகம் அகற்றப்பட்டு, அதற்குச் சமத்துவம் என்று பெயரும் சூட்டப்படுகிறது: எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. சிபாரிசுக் கடிதங்களையும், ஊர்ப்பெயர் கேட்டதும் முகம் சுளித்த அதிகாரிகளையும் நாம் அறியாதவர்களல்லோம். (அவர்களாவது ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.) ஆனால் இயந்திரம் கற்பது அதே அதிகாரிகளின் பழைய ஏடுகளிலிருந்துதானே! அமேசன் நிறுவனம் பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கிய கணினி, பெண்களைக் குறிக்கும் சொல் வந்த விண்ணப்பங்களுக்குப் புள்ளியைக் குறைத்தது. அத்திட்டம் கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளியாயிற்று.

மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் நுணுகி உணரவல்ல மாந்தர்க்கே அதன் பொருள் புலப்படும் என்றார். அமெரிக்காவின் ஹயர்வியூ நிறுவனத்துக்கு அத்தகைய மாந்தர் தேவைப்படவில்லை. விண்ணப்பதாரியின் முக அசைவுகளைக் கணினியைக்கொண்டே அளந்து புள்ளியிட்டது. கண்டனம் வலுத்தபின், முகத்தை அளப்பதை நிறுத்திவிட்டதாக 2021இல் அறிவித்தது.

முகம் தப்பியது; குரல்? பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெரிய நிறுவனங்களின் கணினிகளை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையரின் பேச்சில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 சொற்களும், கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொற்களும் பிழைபட்டன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கே இக்கதியென்றால், வாவிக்கரைப் பள்ளிக்கூடத்தில் அதைக் கற்ற நம் பிள்ளையின் விடை எப்படிப் பதிவாகும்?

இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமை, இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கோருவதற்கு, தன்னை நிராகரித்தது மனிதனா இயந்திரமா என்பதாவது விண்ணப்பதாரிக்குத் தெரியவேண்டும். பெரும்பாலும் வந்துசேர்வதோ இரண்டு வரி மின்னஞ்சல்; அதன் அடியில் ஒரு பெயர்கூட இருப்பதில்லை.