கேள்வி கேட்டவரின் முகம்

ஷோஹெய் இமாமுரா 2006 மே 30-ல் காலமானபோது, கான் விழாவில் இருமுறை தங்கப்பனை வென்ற மேதை என்றுதான் எங்கும் அஞ்சலி எழுதினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழனான எனக்கு அவர் வேறொரு காரணத்துக்காக வேண்டியவர். புகழ் வந்த பிறகு கதைப்படங்களை ஒதுக்கிவிட்டு, ஆவணப்படம் எடுக்க எங்கள் நாட்டுக்கு வந்த மனிதர் அவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் ஊர் திரும்பாத ஜப்பானியச் சிப்பாய்களைத் தேடி 1971-ல் ஒரு படம் எடுத்தார். அதன்பின் வந்ததுதான் ‘கராயுகி-சான்’. ஏழைக் கிராமங்களிலிருந்து தென்கிழக்காசிய விடுதிகளுக்கு விற்கப்பட்ட ஜப்பானியப் பெண்களை அப்படித்தான் அழைத்தார்கள். இங்கே பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஜப்பானியர் இடுகாட்டில் அவர்களுடைய கல்லறைகளும் இருக்கின்றன. படத்தின் நாயகி கிக்குயோ எழுபது வயதைத் தாண்டி மலேசியாவில் வாழ்ந்தவர்.

விடுதி நாட்களைப் பற்றி, கேட்கவே நாக்கூசும் கேள்விகளை இமாமுரா அவரிடம் நேராகக் கேட்கிறார். வேறொருவராக இருந்தால் கேள்விகளை வெட்டி எறிந்துவிட்டுப் பதில்களை மட்டும் கோர்த்து, மேலே சோக இசையைப் பூசியிருப்பார். இமாமுரா கேள்வியையும் விட்டுவைக்கிறார், கேட்கும் தன்னையும் சட்டகத்துக்குள் நிறுத்துகிறார். அந்த அம்மாவோ, பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்ததற்குப் பதில் சொல்வதுபோலப் பணிவாகப் பேசிக்கொண்டே போகிறார். கேட்டவர் முகத்தையும் சொல்பவர் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும் நமக்கு, கூச வேண்டியவர் அந்த அம்மா இல்லை என்பது சொல்லாமலே விளங்குகிறது. இந்த நேர்மைக்கு ஈடாக நான் பார்த்த படங்கள் மிகச் சில.

சிப்பாய்களைத் தேடிய படத்திலும் இதே துணிவுதான். தேடிப் போகும் வழியில் ஜப்பானியர் செய்த படுகொலைகளைச் சீனர்கள் நினைவுகூர்வதை அவர் ஒதுக்கவில்லை. நம் தோட்டப்புறங்களிலிருந்து 1942–43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பாமலே போன தமிழர்கள் ஆயிரமாயிரம். அவர்களைத் தெரிந்தவர்கள் 1971-ல் நிறையப் பேர் உயிரோடு இருந்தார்கள். அந்தத் தோட்ட லயங்களுக்கும் ஒரு இமாமுரா அப்போதே வந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

ஆவணப்படத்துக்கும் எல்லை உண்டு என்று உணர்ந்து 1979-ல் கதைப்படத்துக்குத் திரும்பினார். 1987-ல் வந்த ‘செகென்’, கராயுகி-சான் பெண்களை விற்றுப் பிழைத்த ஒருவனின் கதை. கென் ஒகாட்டா நடித்தார். கிக்குயோவிடம் கேட்க முடிந்ததையெல்லாம் கேட்டாகிவிட்டது. விற்றவனை உட்காரவைத்துக் கேட்க முடியாததால்தான் இமாமுரா ஒரு நடிகரைத் தேடிப் போனார் என்று நினைக்கிறேன்.