வெள்ளிக்கிழமைக் கூட்டமும் பீஸ் ரேட்டும்

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2022இல் குழுக்களைத் திருத்தியமைத்த தமிழ்நாடு, தலைவர் பொறுப்பையே ஒரு தாயிடம் கொடுத்தது. திருப்பூரின் 15 வேலம்பாளையம் போன்ற ஊரில் இது லேசுப்பட்ட காரியமல்ல. பனியன் கம்பெனியில் நாள் முழுக்கச் சூப்பர்வைசரின் ஏச்சு கேட்கிற செக்கிங் அக்கா, தலைமை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கலாம். ஊர்ப் பிரமுகர்களும் நன்கொடையாளர்களும் முன்வரிசை பிடித்த பழைய பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் அவருக்கு ஏது இடம்?

சட்டம் கொடுத்ததைக் கடிகாரம் பிடுங்கிக்கொள்கிறது. அறிமுகக் கூட்டத்தை 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை நடத்திய அரசு, மாதக் கூட்டத்தை மட்டும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைத்தது. கம்பெனியில் மறுநாள் சம்பளம்; தைத்த பீஸுக்குக் கூலி என்பதால், பீஸ் கணக்கு முடிகிற நேரம். ஓவர்லாக் அடிப்பவர் எழுந்து போனால் அவர் கூலி மட்டுமா போகும்? அடுத்த மெஷின்காரரும் கைமடி உதவியாளரும் சும்மா நிற்க வேண்டும். கூட்டத்துக்கு வராதவரிடம் பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் முளைக்கிறது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கோ தமிழ் அறிவிப்பையே யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

வந்து உட்கார்ந்தவருக்கும் தயக்கம் உண்டு. கூட்டத்தைக் கூட்டுவதும் தீர்மானம் எழுதுவதும் தலைமை ஆசிரியர். ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா என்று பார்ப்பது குழுவின் வேலை. ஆனால் கேட்கிறவரின் பிள்ளை அதே ஆசிரியர் வகுப்பில்தானே இருக்கிறது! அரசு உதவிபெறும் பள்ளிகளில் 2012 திருத்தத்துக்குப் பிறகு குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம்.

இப்படிக் கை கட்டப்பட்ட குழுவின் தலையில்தான் 2022இல் 13,331 தற்காலிக ஆசிரியர் நியமனத்தைக் கட்டினார்கள். இடைநிலை ஆசிரியருக்கு அப்போது மாதம் 7,500 ரூபாய். திருப்பூரில் ஒரு நல்ல டெய்லர் அதைவிட அதிகம் சம்பாதிப்பார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அரசின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற இந்த ஏற்பாட்டுக்கு அதிகாரப் பரவல் என்று பேர் வைத்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதற்காகக் குழுவே வேண்டாம் என்பதல்ல. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம். முடியாதென்றால், வருகிற தாய்க்கு அரை ஷிப்ட் கூலியைக் கொடுக்கலாம். உள்ளாட்சி உறுப்பினருக்கு அமர்வுப் படி கொடுத்துப் பழகிய அரசுக்கு இது புதுக் கணக்கல்ல.